உருவுக்குத் தோல் தீட்டுங் கலை

ஓவியம் என்றவுடன் சுவரும் துணியும் தாளுமே நம் நினைவுக்கு வருவன. இக்காலத்து இளைஞர் பலர் தூரிகையைத் தொடாமலே தீட்டும் ஓவியமொன்றும் உண்டு. கணினி விளையாட்டிலே நடமாடும் உருவத்துக்கு அவர்கள் தாமே முகமும் முடியும் உடையும் வகுத்துப் போர்த்துகின்றனர். இப்போர்வையை ‘ஸ்கின்’ என்று வழங்குவர். தோல் என்பது அதன் பொருள். பழைய மாணவருள் பலர் இன்று தந்தையராயும் பாட்டனாராயும் இருப்பர். பிள்ளை கணினி முன்னிருந்து பொழுதை வீணாக்குகின்றான் என்று கவலையுறும் அவர்கள், அவன் விளையாடுகின்றானா, தோல் தீட்டுகின்றானா என்பதை ஒருமுறை உற்று நோக்குதல் நன்று. விளையாடுதல் வேறு, விளையாட்டுக்குரியதை ஆக்குதல் வேறு. அவ்வாக்கத்தின் இயல்பை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

தோடம்பழமொன்றின் தோலை அறுந்து போகாமல் உரித்து, மேசைமீது தட்டையாக விரித்து வைத்ததாகக் கொள்வோம். அத்தட்டைத் தோலில் ஒரு முகத்தை எழுதி, மீண்டும் பழத்தின்மேற் போர்த்தால், முகம் பழத்தின் வளைவோடு வளைந்து நிற்கும். கணினி செய்வதும் இதுவே. உருவத்தின் நீள அகல உயரங்கள் எண்களாக அதனுள் இருக்கும். அதன் மேற்பரப்பு விரித்த தோலாக ஒரு தட்டைப் படத்தில் இருக்கும். படத்தின் எந்தப் புள்ளி உடலின் எந்த இடத்திற் படியவேண்டும் என்பதும் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். வளைந்த பரப்பின்மேற் படத்தைப் போர்த்தும் இம்முறையை அமெரிக்காவின் யூட்டாப் பல்கலைக்கழகத்தில் எட்வின் கட்மல் என்பார் 1974 ஆம் ஆண்டில் தம் கலாநிதிப் பட்ட ஆய்விலே விளக்கினார். 1996 இல் வெளிவந்த ‘குவேக்’ என்னும் விளையாட்டின் உருவங்களுக்கு விளையாடுவோர் பலர் தாமே தோல் தீட்டத் தொடங்கினர். அவர்கட்கு அன்று கிடைத்தவை 256 நிறங்களே.

தொடக்க மாணவருக்கு ஏற்றது ‘மைன்கிராஃப்ட்’ என்னும் சுவீடன் நாட்டு விளையாட்டு. அது 2011 இல் முழுமையாக வெளியிடப்பட்டது. அதில் வரும் மனித உருவம் பெட்டிகளால் ஆயது: தலை ஒரு பெட்டி, உடல் ஒரு பெட்டி, கையிரண்டும் காலிரண்டும் நான்கு பெட்டிகள். தோற்படம் அகலம் 64 புள்ளி, உயரம் 64 புள்ளி கொண்டது. 2014 வரை உயரம் 32 புள்ளியே இருந்தது. அக்காலத்தில் ஒரு கையின் படத்தையே கணினி திருப்பி மறு கைக்கும் இட்டது. ஆகவே, ஒரு கையிற் கடிகாரம் கட்டினால் மற்றக் கையிலும் அது தோன்றும். இப்பொழுது இரு கைக்கும் வெவ்வேறு இடம் உண்டு. அன்றியும், தலைமயிர், மேலங்கி முதலியவற்றைச் சற்றுப் புடைத்துக் காட்டும் மேலுறையும் உடல் முழுவதற்கும் உண்டு.

இனி, இக்கலையின் முதற் கடினம் பொருத்துவாய். தலைப்பெட்டியின் நான்கு பக்கங்களும் படத்தில் வலக்கன்னம், முகம், இடக்கன்னம், பிடரி என இடமிருந்து வலமாக அடுத்தடுத்து நிற்கும். பிடரியின் வலவோரமும் வலக்கன்னத்தின் இடவோரமும் தாளில் ஒன்றற்கொன்று சேய்மையில் உள்ளன. உருவிலோ அவை ஒட்டி நிற்கும். இதனை மறந்தவன் தீட்டிய உருவம் முன்னின்று பார்க்க அழகாயிருக்கும். திரும்பியவுடன் வலக்காதின் பின்னே மயிர் வெட்டுண்டு கோடு விழும். தையற்காரர் துணியை வெட்டும்போதே தைத்த சட்டையை மனத்திற் காண்பதுபோல, தோல் தீட்டுவோனும் தட்டையிலே திரட்சியைக் காணவேண்டும்.

இரண்டாவது கடினம் இடச்சுருக்கம். முகத்துக்குக் கிடைப்பவை 8 வரிசை, வரிசைக்கு 8 புள்ளி. நெற்றியில் திருநீற்றின் முக்குறியை எழுத விரும்புவோன் என்செய்வான்? குறிகளுக்கிடையே தோல் தெரியவேண்டுமாயின் 5 வரிசை வேண்டும். மயிருக்கும் கண்ணுக்கும் வாய்க்கும் எஞ்சுவன மூன்றே. ஆகவே, அவன் மூன்றையும் எழுத முயலாது, நெற்றியில் ஒரு வரிசையை மட்டும் தோலின் நிறத்தினும் வெளுப்பாக்கி, அதன் இரு முனைகளையும் சற்று மங்கவிடுவான். சற்றுத் தொலைவில் நின்று பார்ப்போர் கண் எஞ்சியதை நிரப்பிக்கொள்ளும். ஏழு சீரிலே ஒரு கருத்தை முடிக்கும் குறள் வெண்பாவைப் பயின்ற நம் மாணவர்க்கு, வெளிப்படையாற் சொல்ல இடமில்லாதபோது குறிப்பாற் சொல்லும் இந்நெறி புதியதன்று.

மூன்றாவது, தோலின் எல்லையை அறிதல். தோல் நிறத்தை மாற்றுமேயன்றி வடிவத்தை மாற்றாது. இவ்வுருவத்துக்கு வேட்டி உடுத்திப் பார்த்தால் இவ்வுண்மை புலனாகும். நிற்கும்போது கரையும் மடிப்பும் செம்மையாகவே தோன்றும். நடக்கத் தொடங்கியதும் இரு காற்பெட்டிகளும் பிரிய, வேட்டி காற்சட்டையாய்விடும். அறிந்தவன் கால்களின் உட்பக்கங்களையும் வெண்மையாக்கிக் கீழ்க்கரையை நான்கு பக்கமும் சுற்றவிட்டுக் குறையைக் குறைப்பான். அறியாதவன் உட்பக்கத்தைத் தீட்டாது விட்டு, நடையிலே அகப்படுவான். நிழலிடுதலும் இவ்வாறே. இக்காலப் பெரிய விளையாட்டுகளில் ஒளியையும் நிழலையும் கணினியே கணித்து இடுதலால், தோலின் நிறப்படத்தில் நிழலை எழுதினால் நிழலின்மேல் நிழல் விழும். பெட்டியுருவத்திலோ மடிப்பையும் சுருக்கத்தையும் தீட்டுவோனே காட்டவேண்டும். ஒளி மேலிருந்து வருவதாகக் கொண்டு, மேலே வெளிறவும் கீழே கறுக்கவும் விடுதல் வழக்கம்.

நிற்க. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ‘ஜிம்ப்’ போன்ற இலவச ஓவியச் செயலியொன்று போதும். ‘ஃபோர்ட்நைட்’ முதலிய விளையாட்டுகளில் தோல்கள் பணத்துக்கு விற்கப்படுகின்றன. அவை உருவத்துக்கு அழகு தருமேயன்றி ஆற்றல் தாரா. பெற்றோர் பணத்தில் பத்துத் தோல் வாங்கினவனிடம் பத்துத் தோல் உண்டு. தானே ஒன்று தீட்டினவனிடம் ஒரு தோலும் அதனைத் தீட்டிய கையும் உண்டு. பிறர் தீட்டியதை எடுத்து இரண்டு புள்ளியை மாற்றித் தன் பெயரிடுவோன், அயலான் கட்டுரையைப் பெயர்த்தெழுதும் மாணவனை ஒப்பான். பிறர் படத்திலிருந்து தொடங்குதல் குற்றமன்று. தீட்டியவரின் இசைவும் அவர் பெயரைச் சொல்லும் நேர்மையும் வேண்டும்.

ஆதலின், ஆசிரியர்காள், பெற்றோர்காள், மாணவன் தன் தோற்படத்தைக் காட்ட வரும்போது “எத்தனை மணி நேரம் வீணாக்கினாய்?” என்று கேட்பதன்முன், “திருப்பிக் காட்டு, பின்புறம் பொருந்துகின்றதா?” என்று கேளுங்கள். பொருந்தியிருப்பின், அளவும் பொறுமையும் மறைவிடத்தைக் கருதும் மனமும் அவனிடம் வளர்கின்றன என்று அறியலாம். பொருந்தாவிடின், எவ்விடத்தைத் திருத்தவேண்டும் என்பதை அக்கேள்வியே அவனுக்கு உணர்த்திவிடும்.