வானொலிக்குப் படியளப்பவர் யார்?

1980-களின் நடுப்பகுதி வரையில், வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்த குடும்பஸ்தர் பலரும் ஆண்டுக்கொரு முறை தபாலாபீசுக்குப் போய், லைசென்ஸ் புத்தகத்தை ஜன்னல் வழியே நீட்டி, 15 ரூபாய் கட்டி, அதற்குரிய முத்திரையைப் பெற்றுக்கொண்டு திரும்புவது வழக்கமாயிருந்தது. பிறகு சர்க்கார் அந்தக் கட்டணத்தை நீக்கிற்று; ஜனங்கள் மகிழ்ந்தார்கள்; புத்தகங்கள் பரணுக்குப் போயின. ஒரு சிறு தொல்லை ஒழிந்தது என்று எல்லோரும் எண்ணிய அந்த நாளில், நேயருக்கும் நிலையத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரிந்த ஒரே கயிறும் அறுந்துபோயிற்று என்பதை நினைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இன்று அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் யாருடைய குரல் என்ற விவாதம் எழாத தேர்தல் இல்லை. 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தலை ஒட்டி, டிடி நியூஸ் அலைவரிசையின் சின்னம் நிறம் மாறிற்று. ஆளுங்கட்சியின் காவியைப் பூசிக்கொண்டுவிட்டது என்று எதிர்க்கட்சிகள் கண்டித்தன. அது காவியன்று, ஆரஞ்சு, பார்வைக்கு எடுப்பாயிருக்கவே மாற்றினோம் என்பது, வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி தரப்பின் சமாதானம். அடுத்த மாதமே, மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி தூர்தர்ஷனில் தேர்தல் உரை ஆற்றவந்தபோது, அவருடைய உரையிலிருந்து சில சொற்களை நீக்கும்படி வற்புறுத்தினார்கள் என்ற புகார் எழுந்தது. அதற்கு முன், 2017-இல், திரிபுரா முதல்வராயிருந்த மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரை, திருத்தினாலன்றி ஒலிபரப்பாகாது என்று நிறுத்தப்பட்டது.

இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் நானும் பட்சபாதி ஆகிவிடுவேன். 2014 ஏப்ரலில், காங்கிரஸ் தலைமையிலான சர்க்கார் டில்லியில் இருந்த காலத்தில், பிரதமர் பதவிக்குப் போட்டியிட்ட நரேந்திர மோடியின் பேட்டியை எடுத்த அதே தூர்தர்ஷன், அதன் சில பகுதிகளை வெட்டிவிட்டு ஒளிபரப்பியது என்று அன்று கண்டித்தவர்கள் இன்றைய ஆளுங்கட்சியினர். அதே ஆண்டு அக்டோபரில், ஆட்சி மாறிய பின்னர், ஆர்.எஸ்.எஸ். தலைவரின் விஜயதசமி உரை தூர்தர்ஷனில் நேரடியாக ஒளிபரப்பானபோது கண்டித்தவர்கள் முந்திய ஆளுங்கட்சியினர். ஆகவே, எந்தக் கட்சியின் புகாரும் முழுப் பொய்யன்று; அந்தக் கட்சி பதவியேறிய மறுநாளே அப்புகார் மறந்துபோகிறது என்பதுதான் உண்மை. எவர் கை அழுக்கானது என்று ஆராய்ந்துகொண்டே அரை நூற்றாண்டைக் கழித்துவிட்ட நாம், எல்லோருடைய கையும் சென்று விழுகிற அந்தப் பிடியை, அதாவது பணம் எந்த வழியாக நிலையத்துக்குப் போகிறது என்பதை, நிதானமாக ஆராய்ந்தோமில்லை.

பணமில்லாமல் செத்தது, சர்க்காரிடம் பிழைத்தது

இந்த தேசத்தில் ஒலிபரப்பு சர்க்காரின் குழந்தையாகப் பிறக்கவில்லை. சென்னையில் 1924-இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தோன்றி, ஆர்வலர்களின் சந்தாவைக் கொண்டு ஒலிபரப்பு நடத்திற்று. மூன்றே ஆண்டுகளில், 1927-இல், பணமுடையால் மூடப்பட்டது. அதே 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி, ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் என்ற லைசென்ஸ் கட்டணத்தில் தனக்குரிய பங்கை நம்பியே வாழ்ந்து, போதிய பெட்டிகள் விற்காமையால் 1930-இல் திவாலாயிற்று. அந்த ஆண்டு ஏப்ரலில் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. சென்னையிலோ, கிளப் விட்டுச்சென்ற கருவியை நகரசபை எடுத்து நடத்தி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, பெட்டி வாங்க வகையில்லாத ஏழை ஜனங்களும் மாலை வேளையில் சங்கீதம் கேட்கும்படி செய்தது. 1936-இல் அகில இந்திய வானொலி என்ற நாமம் வந்தது. 1938-இல் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சி நிலையமும் அதன் கீழ் எழுந்தன.

தர்மத்துக்குக் கைகொடுத்தவர் வீட்டுக்கு எஜமானராகிவிடுவது உலக இயல்பு. தன் காலில் நிற்க முடியாமல் விழுந்த ஒலிபரப்பைத் தூக்கி நிறுத்திய அந்நிய சர்க்கார், அதைத் தன் இலாகாக்களில் ஒன்றாக்கிக்கொண்டது. சுதந்திரம் வந்தபின் நம்மவர்கள் கொடியை மாற்றினார்களேயன்றி அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. நேயர் கட்டிய லைசென்ஸ் பணமும் நிலையத்துக்குப் போகவில்லை. சர்க்கார் கஜானாவுக்குப் போய், மந்திரி சபை நினைத்த அளவில், நினைத்த காலத்தில், நிதியொதுக்கீடு என்ற வேறு உருவில் திரும்பிவந்தது. ஆதலால், அந்த 15 ரூபாய் நமக்குக் கொடுத்திருக்க வேண்டிய உரிமையை அது ஒருநாளும் கொடுத்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கயிறு அறுந்தது பிற்காலத்தில். அது ஆரம்பம் முதலே வேறொருவர் கையில்தான் கட்டப்பட்டிருந்தது.

மின்சாரம் நின்ற இரவு

அதன் விளைவை 1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு தேசம் கண்டது. நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யத் தீர்மானித்தவர்கள், மறுநாள் காலைப் பத்திரிகைகள் வெளிவராதிருக்க, டில்லியின் பகதூர் ஷா ஜாபர் வீதியிலிருந்த அச்சகங்களுக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் வானொலிக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டிய அவசியம் எவருக்கும் ஏற்படவில்லை. பத்திரிகைகளின் யந்திரங்கள் இருளில் ஓய்ந்து கிடக்க, காலையில் பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் பேசினார். சில நாட்களில் செய்தி ஒலிபரப்பு மந்திரியாயிருந்த ஐ.கே. குஜ்ரால் மாற்றப்பட்டு, வி.சி. சுக்லா வந்தார். பிறர் சொத்தை அபகரிக்கத்தான் பலாத்காரம் வேண்டும். சொந்த இலாகாவை நடத்த ஓர் உத்தரவே போதும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி, இத்தகைய காலத்தில்தான், கண்விழித்தது.

நோயை அறிந்தவர்கள் இல்லாமலில்லை. சந்தா என்பவர் தலைமையில் அமைந்த குழு 1966-லேயே வானொலியையும் தொலைக்காட்சியையும் சுயேச்சையான ஸ்தாபனங்களாக்கச் சொல்லிற்று. நெருக்கடி நிலை ஒழிந்த பின், பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ் தலைமையில் அமைந்த குழு, 1978-இல் ஆகாஷ் பாரதி என்ற தேசியப் பொறுப்பாட்சியை நிறுவும்படி விரிவாக எழுதிக்கொடுத்தது. 1979-இல் வந்த மசோதா அன்றைய ஆட்சியோடு மடிந்தது. வி.பி. சிங் ஆட்சியில், 1990-இல், பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறியது. நிறைவேறிய சட்டம் ஏழு ஆண்டுகள் அலமாரியில் உறங்கி, 1997 செப்டம்பர் 15-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. இடையில் 1995-இல், அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவை சர்க்காரின் தனியுடைமையல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருந்தது.

சுயேச்சை வந்துவிட்டதா? அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேருமாக 22 பேர் கொண்ட பார்லிமெண்டுக் குழு இந்த ஸ்தாபனத்தைக் கண்காணிக்கட்டும் என்கிறது; எல்லாக் கட்சியினரும் அமரவேண்டிய அந்தக் குழு, எந்தக் கட்சியின் ஆட்சியிலும் அமைக்கப்படவில்லை. 2007 அக்டோபருக்கு முன் சேர்ந்த ஊழியர்களின் சம்பளப் பொறுப்பைச் சர்க்காரே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மானியம் செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின் வழியாக வருகிறது. 2023 ஜனவரியில் கருவிகளையும் கட்டமைப்பையும் புதுப்பிக்க 2,539 கோடி ரூபாய்த் திட்டம் அனுமதிக்கப்பட்டதும் அந்த வழியாகவே. சட்டத்தில் சுயேச்சையும் சம்பளப் பட்டியலில் அடிமைத்தனமும் கொண்டு ஒரு ஸ்தாபனம் எத்தனை நாள் நிமிர்ந்து நிற்கும்?

ரேடியோ நெல்

அப்படியானால் பொது ஒலிபரப்பே எதற்கு, விளம்பரத்தைக் கொண்டு பிழைப்பவர்கள் பிழைக்கட்டும் என்று வாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தஞ்சாவூர் ஜில்லாதான் விடை. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 27 என்ற நெல்லை வெளியிட்டபோது, அதன் விதை, நாற்று, உரம், மருந்து ஆகியவற்றின் பக்குவத்தைத் திருச்சி வானொலி தினந்தோறும் குடியானவர்களுக்கு விளங்கும் பாஷையில் சொல்லிவந்தது. கேட்ட குடியானவர்கள் அந்த நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டுவிட்டார்கள். சர்க்காரின் எந்தப் பிரசாரமும் அடையாத கௌரவம் இது. விற்பதற்கு ஒன்றுமில்லாத அந்த உபதேசத்துக்கு எந்த வியாபாரி விளம்பரம் கொடுத்திருப்பான்? கடலுக்குப் போகும் மீனவனுக்குப் புயல் எச்சரிக்கை, சபா டிக்கெட்டு வாங்க இயலாதவனுக்கு முழுநேரக் கச்சேரி, டில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் கம்பீரமான குரலில் தெளிந்த தமிழில் செய்தி, இவையெல்லாம் சந்தையின் கணக்கில் வராத, ஆனால் ஜனங்களின் வாழ்க்கைக் கணக்கில் வந்த வரவுகள். கட்சிக்கொரு தொலைக்காட்சி என்று ஆகிவிட்ட நம் தமிழகத்தில், எந்தக் கட்சிக்கும் உரியதல்லாத ஒரு குரலின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குரலின் மீது ஜனங்களுக்கு உள்ள பாத்தியதை உணர்ச்சி இன்னும் சாகவில்லை. ஆகாசவாணி என்பது 1935-இல் மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி நடத்திய நிலையத்தின் அழகிய பெயர்தான்; எனினும் 2023 மே மாதத்தில், இனி எல்லா மொழி ஒலிபரப்பிலும் அப்பெயரே வழங்கவேண்டும் என்று டில்லியிலிருந்து ஆணை வந்தபோது தமிழகத்தில் எழுந்த மறுப்பு, சொல்லின் மீதுள்ள வெறுப்பால் எழுந்ததன்று; எங்களைக் கேளாமல் எங்கள் வானொலிக்குப் பெயரிட நீங்கள் யார் என்ற உரிமைக் கேள்வியால் எழுந்தது.

பிற தேசத்தார் பட்ட பாடு

பிரிட்டனில் பி.பி.சி.க்குக் குடும்பந்தோறும் கட்டணம் செலுத்துகிறார்கள். 2025-இல் அது ஆண்டுக்கு 174.50 பவுன். பணம் நேயரிடமிருந்து வந்தாலும் கட்டணத்தின் அளவையும் தலைவரையும் நிர்ணயிப்பது சர்க்கார் ஆகையால் அங்கும் மாசு படாமலில்லை; பிரதமராயிருந்த போரிஸ் ஜான்சனுக்கான கடன் விவகாரத்தில் தமக்கிருந்த தொடர்பை முறைப்படி தெரிவிக்கத் தவறியதற்காக, பி.பி.சி. தலைவர் ரிச்சர்டு ஷார்ப் 2023-இல் விலக நேர்ந்தது. அமெரிக்காவில் 1967-இல் ஒரு பொது ஒலிபரப்புக் கழகத்தை நிறுவி, அரசியல் காற்று தாக்காதிருக்க இரண்டாண்டுகளுக்கு முன்னதாகவே மானியத்தை ஒதுக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார்கள்; பட்சபாதக் குற்றச்சாட்டை முன்வைத்து 2025 ஜூலையில், ஒதுக்கிய அந்த 110 கோடி டாலரையும் காங்கிரஸ் சபை திரும்பப் பெற்றுக்கொள்ள, கழகமே மூடுவிழாவுக்கு ஆயத்தமாயிற்று. முன்கூட்டிக் கொடுத்த பணமும், கொடுத்த கையாலேயே எடுக்கக்கூடியதாயிருந்தால், காவலாகாது.

ஜெர்மானியர்கள் வேறு வழியில் சென்றார்கள். ஹிட்லர் காலத்தில் வானொலி என்ன செய்தது என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் ஆகையால், நிலையங்களின் தேவையைச் சுயேச்சையான நிபுணர் குழு கணக்கிடவும், அதன்படி குடும்பந்தோறும் கட்டணம் வசூலிக்கவும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கட்டணத்தை மாதம் 17.50 யூரோவிலிருந்து 18.36 ஆக்குவதற்கு ஒரு மாநிலம் மட்டும் ஒப்புதல் தராமல் தடுத்தபோது, அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2021-இல் தலையிட்டு, அது ஒலிபரப்புச் சுதந்திரத்தையே மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. மேற்பார்வைச் சபையில் சர்க்கார் சார்ந்தவர்கள் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று 2014-லேயே சொன்னதும் அதே நீதிமன்றம். அங்கும் சச்சரவுகள் தீர்ந்தபாடில்லை. ஆனால் சச்சரவுக்கு ஒரு நியாயஸ்தலம் இருக்கிறது.

களத்துமேட்டில் ஒரு சொல்

நாம் ஜெர்மனிக்குப் போகத்தான் வேண்டுமென்பதில்லை. மத்திய சர்க்காரின் கணக்கைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரின் சம்பளம் பார்லிமெண்டின் ஓட்டுக்கு விடப்படாமல் தொகுநிதியின் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது. மாநிலங்களின் பங்கை நிர்ணயிக்க ஐந்தாண்டுக்கொரு முறை நிதிக்குழு அமைகிறது. இவ்விரண்டும் நம் அரசியல் சட்டத்தில் உள்ளவையே. அதே வழியில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு சுயேச்சைக் குழு கணக்கிட்டுத் தரும் தொகை, எந்த மந்திரியின் மேஜையையும் தொடாமல், சட்டத்தின் பலத்தால் பிரசார் பாரதிக்குப் போய்ச் சேரட்டும். உறங்குகிற 13-ஆம் பிரிவு விழித்தெழட்டும். சென்னை, திருச்சி, மதுரை நிலையங்கள் தம் மொழியையும் நிகழ்ச்சியையும் அந்தந்த நேயர்களின் பிரதிநிதிகள் அறிய நடத்தட்டும்.

ஏரிப் பாசனம் நடக்கும் நம் கிராமங்களில் நீர்க்கட்டி என்றொருவர் உண்டு. மதகைத் திறப்பவரும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று தீர்மானிப்பவரும் அவரே. பெரும்பாலும் அவர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்தவர். அவருக்கு நிலமில்லாமற் போனது நம் சமூகத்தின் அநீதி. ஆயினும் பஞ்ச காலத்தில் மிராசுதாரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதன் காரணம், அவருக்குரிய கூலி எந்த ஒரு மிராசுதாரின் பத்தாயத்திலிருந்தும் வரவில்லை என்பதே. ஆயக்கட்டிலுள்ள ஒவ்வொருவரும், அறுவடைக் களத்திலேயே, வீட்டுக்கு நெல் போகுமுன், வழக்கத்தால் நிச்சயிக்கப்பட்ட அளவை அவருக்கு அளந்துவிட வேண்டும். அது தானமன்று, தயவன்று. கோபம் வந்த ஆண்டில் நிறுத்திக்கொள்ளக் கூடியதுமன்று.

இப்படிக் களத்தில் ஊர்ப் பணியாளருக்கு உரிமையாக அளக்கப்படும் நெல்லுக்கு, நம் முன்னோர் இட்ட பெயர் சுதந்திரம். எவர் தயவுமின்றிப் பேசும் நிலைக்கும், எவர் தயவுமின்றி வந்து சேரும் கூலிக்கும் அவர்கள் ஒரே சொல்லை வழங்கினார்கள். வானொலிக்கு முன்னதைக் கொடுத்துவிட்டதாகச் சட்டம் எழுதி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது பேச்சளவில் நிற்பதற்குக் காரணம், பின்னதை நாம் இன்னும் களத்தில் அளக்காததுதான்.