முற்றத்தில் ஒரு தடைப் பாதை

‘ஆங்கன்’ என்பது வடநாட்டு மொழிகளில் முற்றத்தைக் குறிக்கும் சொல். தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் 1945-ஆம் ஆண்டில், அந்நாளைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த போர்டி கிராமத்தில் சிறுவர் கல்விப் பணியைத் தொடங்கினர். ஏழைக் குழந்தைகள் பள்ளியை நாடி வாராமையால், அவர்கள் வாழும் இடத்து முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றனர். அங்கன்வாடி என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரை ஏற்றது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. ஆயினும் அவற்றுள் பலவற்றில் முற்றம் பெயரில் மட்டுமே எஞ்சியுள்ளது. காலை முழுதும் பாயில் அசையாது அமர்ந்திருக்கும் குழந்தையே நல்ல குழந்தை எனப் பாராட்டப்படுகிறது.

இப்பாராட்டு குழந்தையின் உடலமைப்புக்கு ஒவ்வாதது. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்கே. இடைப்பட்ட ஆண்டுகளில் உடலின் புவியீர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால், குழந்தை எளிதில் தடுமாறுகிறது. தடுமாறாது நிற்க மூன்று செய்திகள் மூளைக்கு எட்டவேண்டும். கண் காண்பது ஒன்று. உட்காதின் அரைவட்டக் குழாய்கள் தலையின் திருப்பத்தை உணர்த்துவது மற்றொன்று. தசைகளும் மூட்டுகளும் தம் நிலையை அறிவிப்பது மூன்றாவது. இம்மூன்றையும் இணைத்துப் பயன்படுத்தும் திறன் பயிற்சியாலேயே செப்பமுறுகிறது. சமதரையில் ஓடுவது நன்றே. ஆனால் ஏறுதல், தவழ்தல், தாண்டுதல், திரும்புதல் ஆகியவை அடுத்தடுத்து வரும்போது, அடுத்த அடிக்கு வேண்டிய வலிமையையும் தூரத்தையும் குழந்தை முன்கூட்டியே கணிக்கப் பழகுகிறது. தடைப் பாதையின் பயன் இதுவே.

பாதை அமைக்கப் பொருட்செலவு வேண்டுவதில்லை. கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் தவழலாம். தரையில் வளைத்துக் கிடத்திய கயிற்றின் மேல் அடி பிசகாது நடக்கலாம். மணலில் பதித்த பழைய டயர்களுள் ஒவ்வோர் அடியாக வைத்துச் செல்லலாம். செங்கற்களின் மேல் அசையாது வைத்த பலகை ஏறி இறங்க உதவும். இறுதியில் ஒரு கூடையும் துணிப்பந்தும் இருப்பின் எறிதலும் சேரும். பலகை ஓர் அடி அகலமும் ஒரு செங்கல் உயரமும் இருந்தாற் போதும். மூன்று வயதினருக்கு உயரமே வேண்டாம். தரையில் சுண்ணாம்பால் இரு கோடுகள் இட்டு, அவற்றிடையே நடக்கவிடலாம். இரண்டரை வயதளவில் பெரும்பாலான குழந்தைகள் இரு கால்களாலும் எம்பிக் குதிப்பர். ஒற்றைக் காலால் நொண்டுவதோ ஐந்து வயதளவில்தான் பலருக்கும் கைவருகிறது. ஆகவே நொண்டிக் கட்டத்தில் தடுமாறும் நான்கு வயதுக் குழந்தையைக் கடிந்து பயனில்லை.

நடைமுறையில் காணப்படும் பெருங்குறை, வரிசையில் நிற்றல். இருபது குழந்தைகள் ஒரே முனையிலிருந்து புறப்பட்டால், பத்தொன்பது பேர் நின்றுகொண்டிருப்பர். அதை உடற்பயிற்சி என்று பதிவேட்டில் எழுதுவதில் பொருளில்லை. பாதையை வட்டமாக அமைத்து, நான்கைந்து இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்கச் செய்தல் நலம். பந்தயமும் வேண்டாம். முந்த விரும்பும் குழந்தை பலகையை விடுத்துப் பக்கத்தில் ஓடிவிடும். பயிற்சி மிகுதியும் வேண்டிய குழந்தையோ தோல்விக்கு அஞ்சி ஒதுங்கும். பெண் குழந்தைகளை ஓரத்தில் அமர்த்திக் கைதட்டச் செய்யும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டு. எலும்பும் தசையும் அவர்களுக்கும் உண்டென்பதை ஆசிரியைக்கு நினைவூட்ட வேண்டியிருப்பது வியப்பே.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களேனும் உடலசைவில் ஈடுபடவேண்டும். அதில் 60 நிமிடங்களேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு விறுவிறுப்பாக இருத்தல் வேண்டும். அரைமணி நேரத் தடைப் பாதை அதில் ஒரு பகுதியை நிறைவு செய்யும்.

காலை வெயில் ஏறுமுன் விளையாட்டை முடித்தல் நன்று. கருநிற டயர் விரைவில் சூடேறி உள்ளங்காலைச் சுடும். கண்ணாடித் துண்டு, முள், ஆணி ஆகியவற்றை நாள்தோறும் பெருக்கி அகற்ற வேண்டும். வெறுங்காலால் நடப்பது பாதத்தின் உணர்வுக்கு நல்லதெனினும், மலம் கலந்த மண்ணில் கொக்கிப்புழு தோலைத் துளைத்து உட்புகும். அத்தகைய இடத்தில் செருப்பு இன்றியமையாதது. டயரில் மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும். ஆகவே நீர் வடியத் துளையிடுதலோ, மண் நிரப்புதலோ அவசியம்.

கால் ஊன முற்ற குழந்தைக்கும் இப்பாதையில் இடமுண்டு. கட்டிலுக்கடியில் தவழ்வதிலும் பந்தெறிவதிலும் அது பிறரை மிஞ்சக்கூடும்; பலகையின் அருகே கைபிடிக்க ஒரு மூங்கிற் கழி நட்டால் அங்கும் முயலும்.

ஊழியர் கவனிக்க வேண்டியது பாதையை மட்டுமன்று. ஒரே கயிற்றில் நாள்தோறும் இடறும் குழந்தைக்குக் கண்பார்வை குறைந்திருக்கலாம். இரண்டாம் சுற்றிலேயே இளைத்து உட்காருவதை ஆசிரியை சோம்பல் என்பார். அது இரத்தச் சோகையாக இருக்கலாம். முன்பு தாண்டிய தடையை இப்போது தாண்ட இயலாதிருப்பின் சிறிதும் தாமதம் கூடாது. அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மற்றவற்றைப் பெயரும் தேதியுமாகக் குறித்து வைத்து, தாய்க்கும் தெரிவித்து, 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அக்குறிப்பைக் காட்டலாம்.