கம்ப்யூட்டர் தானாக அணைகிறதா? சூடான காற்றுக்கு வழி விடுங்கள்!

"கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆயிருதுங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டா ஓடுதுங்க. யுபிஎஸ் மாத்தியும் சரியாகலீங்க."

ஏப்ரல், மே மாதங்களில் கோவை, திருப்பூர், ஈரோடு நண்பர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் புகார் இது. வைரஸாக இருக்குமோ என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் சூடுதான் காரணம்.

பிராசசருக்குள்ளேயே வெப்பநிலையை அளக்கும் சென்சார் இருக்கிறது. சூடு ஏறினால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மதிய நேரத்தில் கம்ப்யூட்டர் ஆமை போல் நகர்வது இதனால்தான். சூடு மேலும் ஏறி எல்லையைத் தொட்டால், கருகிப் போகாமலிருக்க கம்ப்யூட்டர் அணைந்துவிடும். வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லையே இன்றைய பல பிராசசர்களில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பிராசசர் தப்பித்துவிடும், நீங்கள் சேவ் செய்யாத வேலை தப்பிக்காது.

போன கோடையில் திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஜி.எஸ்.டி. பில்களைப் பதிவு செய்யும்போது பாதியில் அணைந்துவிடுகிறதாம். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சிபியு இருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் டேபிளின் கீழ் அறைக்குள், கதவு சாத்தியபடி, பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருந்தது. கேபினட்டைத் திறந்தால், ஹீட் சிங்க் மேல் பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது!

ஃபிரிட்ஜை ஏன் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்கிறோம்? உள்ளே எடுத்த சூட்டை அது வெளியே விட வேண்டும். வெளிநாடுகளில் மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டிகளில் உள்ள ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் கம்ப்ரசரே கிடையாது. 1922-ல் ஸ்வீடனில் பிளாட்டன், மன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த முறை அது. சூடான காற்று மேலே போக வண்டிச் சுவரில் ஒரு திறப்பு, புதுக் காற்று வரக் கீழே ஒரு திறப்பு. வெயில் கடுமையானால் இது போதாது. அப்போது ஃபிரிட்ஜின் பின்னால் பலர் மாட்டுவது எது தெரியுமா? நம் கம்ப்யூட்டர் ஃபேன்தான்! வண்டி பேட்டரியும் 12 வோல்ட், இந்த ஃபேனும் 12 வோல்ட்.

ஆனால் ஃபேன் எதையும் குளிர வைப்பதில்லை. சூடான காற்றைத் தள்ளிவிட்டு அறைக் காற்றைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். மூடிய டேபிளுக்குள் நான்கு ஃபேன் போட்டாலும் அதே சூட்டுக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

எனவே முதலில் சிபியுவை வெளியே எடுத்து, பின்னால் அரை அடியாவது இடம் விடுங்கள். பிறகு மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பெயின்ட் பிரஷ் அல்லது புளோயரால் தூசு தட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக் கொள்ளவும். இல்லாவிட்டால் அது தாறுமாறாகச் சுழன்று கெட்டுப் போகலாம்.

அதன் பிறகும் சூடு குறையாவிட்டால்தான் ஃபேன் வாங்க வேண்டும். கேபினட்டில் உள்ள இடத்தை அளந்து கொண்டு கடைக்குப் போங்கள். 80, 92, 120 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் உண்டு. முன்பக்கம் கீழே உள்ள ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கம் மேலே உள்ளது வெளியே தள்ள வேண்டும். பல ஃபேன்களின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமாகக் காற்று வெளிவரும் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒயரை மதர்போர்டில் 'சிஸ் ஃபேன்' என்று எழுதிய இடத்தில் செருகலாம். மூன்று பின் ஃபேன் நான்கு பின் இணைப்பிலும் பொருந்தும்.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கும் வைத்தியமும் நம் பக்கம் பிரபலம். அவசரத்துக்குச் சரி. ஆனால் தறி ஓடும் சோமனூர், பல்லடம் போன்ற ஊர்களில் ஒரே வாரத்தில் உள்ளே பஞ்சு நிறைந்துவிடும்.

திருப்பூரில் ஃபேன் வாங்கவே தேவைப்படவில்லை. இடம் மாற்றி, பஞ்சை எடுத்ததும் மாலை வரை அணையாமல் ஓடியது. பழைய மதர்போர்டுதான் இன்றும் ஓடுகிறது.

வெப்பநிலையை பயாஸ் திரையில் 'ஹார்டுவேர் மானிட்டர்' என்ற பகுதியில் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் தூசை வெளியிலிருந்தே ஊதி எடுங்கள்.