ஒப்பந்த வேலையும் நியாயக் கூலியும்

வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் கோடையில் குளங்கள் வற்றியதும் மடை, கரை, கால்வாய் மராமத்து வேலைகள் ஒப்பந்தத்தில் விடப்படுவதுண்டு. பொதுவாகக் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை. சிமெண்டு விலையை அவரால் குறைக்க இயலாது. கூலியைக் குறைக்க இயலும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

டில்லியில் 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டிட வேலைகளில் இதுவே நேர்ந்தது. சர்க்கார் விதித்த நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர்கள் அதனைக் கங்காணிகளை ஒத்த ஜமேதார்களிடம் கொடுக்க, அவர்கள் தலைக்கு 1 ரூபாய் பிடித்துக்கொண்டனர். வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது விதி தடுக்கும் பலவந்த உழைப்பே எனத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் விட்டுவிட்டதால் சர்க்காரின் பொறுப்பு நீங்கிவிடாது என்றும் கூறிற்று.

2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி ஒன்றே. நாட்கூலியை அன்றைய வேலை முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ உழைக்கும் ஒப்பந்தத்தில் கூலி குறைந்தால், குறைந்ததை வேலை கொடுத்தவரே செலுத்தி, ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் பில்லை அனுமதிக்குமுன் கூலிப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தல் நலம். பதிவேட்டில் கைந்நாட்டு ஒழுங்காகவே இருக்கும்! மாலையில் கரைக்குச் சென்று, மண் சுமந்த பெண்களிடம் கைக்கு எவ்வளவு வந்தது என்று நேரிலும் விசாரிக்கவேண்டும்.