நிலம் அதிரும்போது தவக்குல்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

புனித மதீனாவைச் சூழ்ந்துள்ள 'ஹர்ரா' எனும் கருங்கல் வெளிகள், பூமியிலிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு உறைந்து உருவானவை. ஹிஜ்ரி 654இல் (கி.பி. 1256) மதீனாவுக்குத் தென்கிழக்கே பூமி பிளந்து, 52 நாட்கள் நெருப்புக் குழம்பு ஓடியது. அல்லாஹ்வின் அருளால் அது நகருக்குள் நுழையவில்லை.

அதே ஹிஜாஸில், மதீனாவுக்கு வடமேற்கேயுள்ள ஹர்ரத் லுனைய்யிர் பகுதியில், 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை 30,000க்கும் மேற்பட்ட நிலநடுக்கங்கள் பதிவாயின. மிகப் பெரும்பாலானவை சிறியவை. மே 19 அன்று 5.4 அளவில் நிலம் குலுங்கியது; தரையில் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்திற்கு வெடிப்பு தோன்றியது.

ஆய்வாளர்கள் அதிர்வுமானிகளைக் கொண்டு கண்காணித்தனர். நிலம் மேலெழும்பி இருபுறமும் விலகியதைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. ஆழத்திலுள்ள பாறைக்குழம்பு மேலேறும்போது பாறைகள் உடைகின்றன. அதனால் நிலம் அதிர்கிறது. குழம்பு தனக்கு இடம் தேடி நெருக்குவதால் தரை உயர்கிறது. ஆயினும் அது வெளியே வருமா, உள்ளேயே அடங்குமா என்பதை எந்தக் கருவியும் அறுதியிட்டுக் கூறாது. மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்விடமே உள்ளது.

அரசு சுமார் 40,000 மக்களை வெளியேற்றியது. இது தவக்குலுக்கு முரணா? ஷாமில் கொள்ளைநோய் பரவிய செய்தியை வழியில் கேட்ட உமர் (ரலி) அவர்கள், தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பிவிட்டார்கள். தக்தீரைவிட்டு ஓடுவதா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, தாம் செல்வதும் அல்லாஹ்வின் தக்தீரின்பாலே என்ற கருத்தில் விடையளித்தார்கள்.

லுனைய்யிரில் எரிமலை வெடிக்கவில்லை. குழம்பு பூமிக்குள்ளேயே நின்றது. அதிர்வுகள் தணிந்தபின் மக்கள் வீடு திரும்பினர். அப்படியானால் எச்சரிக்கை பொய்யா? இரவில் கதவைத் தாழிடுகிறோம், திருடன் வரவில்லை. அதனால் தாழிட்டது வீண் என்போமா?

எனவே, அடுத்த முறை எச்சரிக்கை வரும்போது, "சென்ற முறை ஒன்றும் நடக்கவில்லையே" என்று கூறி மனைவி மக்களையும் முதியோரையும் ஆபத்தில் அமர்த்தி வைக்காதீர்கள். அவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பேராபத்துகளிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.