கடையில் முதலாளிக்கு மட்டும்தான் நாற்காலியா?

வேங்கிக்காலில் நாலைந்து பேரை வைத்து ஒரு கடை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டம். ஊழியர்களுக்கு நாள் முழுக்க நின்றே வேலை. மறுமாதம் ஒருவர் ‘வேற இடம் கிடைச்சிருச்சுண்ணா’ என்று கிளம்பினால், சம்பளம் மட்டும்தான் காரணமா?

சட்டம் என்ன சொல்கிறது?

கோழிக்கோட்டில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடியதால், ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையை 2018-ல் கேரளம் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விடவேண்டும். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து கவனிப்பதற்குத் தடையில்லை. நாள் கணக்கில் நின்றால் கால் வீங்கும், நரம்பு சுருளும். அந்த வலியோடு யாரும் சிரித்த முகமாகத் துணி எடுத்துக் காட்ட முடியாது.

கடை வளர்ந்தால்?

10 பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. கட்டாயம். மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது பொருந்தும். ரூ.12,000 சம்பளம் என்றால் உங்கள் பங்கு ரூ.390, ஊழியர் பங்கு ரூ.90. பதிலுக்கு அவர் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும். உடம்பு முடியாமல் லீவு எடுத்தால், உரிய தகுதி இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70% சம்பளமும் உண்டு.

‘ஆட்கள் தேவை’ போர்டு மாட்டுவதற்கு முன், கடைக்குள் எத்தனை ஸ்டூல் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.