மேல்மாடியா, பழைய பங்காளியா?

"மேலே கூப்பிட்டா போயிடணும்"னு எதிரணித் தோழர் முழங்கிட்டுப் போனார். அமெரிக்காவில் மொன்டானா பல்கலைக்கழகத்தை 2010-இல் அப்படித்தான் கூப்பிட்டாங்க. கால்பந்துக்கு! அவங்க கால்பந்து, பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடறதுங்க. (சிரிப்பு) மேல்பிரிவிலிருந்த 'வெஸ்டர்ன் அத்லெடிக் கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்பு, "எங்ககிட்ட வாங்க" என்றது.

போனா என்ன செலவு? கீழ்ப்பிரிவில் அன்று ஓர் அணிக்கு 63 முழு உதவித்தொகை, மேலே 85. ஆண்களுக்குக் கூட்டினால் பெண்கள் விளையாட்டுக்கும் ஈடு செய்யணும். அங்கே சட்டம் அப்படி. (நல்ல சட்டம்தான்!)

பணத்தை விடுங்க. அதே மாநிலத்துல போஸ்மனில் மொன்டானா ஸ்டேட் இருக்கு. 1897-லிருந்து மல்லுக்கு நிற்கிற பங்காளி. ஒருத்தர் மட்டும் மாடி ஏறிட்டா, அப்புறம் சரிக்குச் சமமா மோதறது எப்படி? பல்கலைக்கழகத் தலைவர் ராய்ஸ் எங்ஸ்ட்ரம் அந்த நவம்பரில் "வரலை" என்று சொல்லிவிட்டார். சொன்ன காரணங்களில் இந்தப் பங்காளிப் போட்டியும் ஒன்று.

கூப்பிட்ட கூட்டமைப்பு என்னாச்சு தெரியுமா? அணிகள் ஒவ்வொண்ணா கழன்றுபோய், 2012 சீசனோடு அங்கே கால்பந்தே நின்னுபோச்சு! (கைதட்டல்) மொன்டானா அப்பவும் போஸ்மன்காரங்களோட மல்லுக்கட்டிக்கிட்டுதான் இருந்தது.